நைட்ரோ வண்டியும் நாலு மாச மண்டிச் சம்பளமும்

"வண்டி என்ன மைலேஜ் தம்பி?"

எங்க பரவைக் கண்மாயில் வண்டி ஓட்டும்போதெல்லாம் ஆடு மேய்க்கிற தாத்தா ஒருத்தர் தவறாமல் கேட்கிற கேள்வி இது. நானும் தவறாமல் ஒரே பதிலைத்தான் சொல்வேன். "ஒன்பது நிமிஷத்துக்கு நூத்தம்பது ரூபா தாத்தா." அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா என்ன வேலை பாக்குறாரு?" என்பார். :-)

வண்டின்னதும் பைக்குன்னு நினைச்சுடாதீங்க. ஒன்றரை அடி நீளம், மூணரைக் கிலோ எடை, நாலு சக்கரமும் இழுக்கும், கையில் இருக்கிற ரிமோட்டில் ஓடும். ஆனால் கடையில் விற்கிற பேட்டரி பொம்மை கிடையாது. உள்ளே நிஜமான டூ ஸ்ட்ரோக் எஞ்சின், கார்புரேட்டர், சைலன்சர், கிளட்ச், மூணு டிஃபரன்ஷியல், டிஸ்க் பிரேக் எல்லாம் உண்டு. எஞ்சின் அளவு வெறும் 3.5 சிசி. அதாவது ஒரு டீஸ்பூனை விடக் கொஞ்சம் கம்மி. ஆனா ஆக்சிலரேட்டரை அமுக்கினா நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுத்து வரைக்கும் போகும். நம்ம டிவிஎஸ் எக்ஸெல் எல்லாம் இதுகிட்ட நின்னு பேசவே முடியாது.

இது எனக்கு வந்த கதை சின்னது. என் மாமா ஷார்ஜாவில் இருந்தபோது ஓட்டிய வண்டி. ஜப்பான்காரன் க்யோஷோ தயாரிச்ச இன்ஃபெர்னோ எம்பி 7.5. 2022-ல் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டு வந்து, "எனக்கு இனிமே இதுக்கெல்லாம் நேரமில்ல மாப்ள, நீ வச்சுக்க"ன்னு கொடுத்துட்டார். மாடலைப் பார்த்தால் எனக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. அப்போது நான் பிளஸ் டூ. இப்போது பி.காம் கடைசி வருஷம். நடுவில் நடந்ததைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் டெக்னிக்கலாகவும் இருக்கும், பொறுத்துக்கோங்க. கணக்குப் படிக்கிறவன் எஞ்சின் பத்திப் பேசினா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

முதலில் இந்த எஞ்சின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். பைக்கில் ஸ்பார்க் பிளக் இருக்கும், பொறி வரும், பெட்ரோல் எரியும். இதில் பொறியே கிடையாது. குளோ பிளக்னு ஒண்ணு. அதுக்குள்ள பிளாட்டினம் கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒண்ணரை வோல்ட் பேட்டரி வச்சு அதைச் சிவக்க வைப்போம். எஞ்சின் பிடிச்சதும் பேட்டரியை எடுத்துடலாம். அதுக்கப்புறம் கம்பி தானாகவே சிவந்து கிடக்கும், ஏன்னா மெத்தனாலும் பிளாட்டினமும் சேர்ந்தா அங்கே வெப்பம் உண்டாகும். 1947-ல் அமெரிக்காவில் ரே ஆர்டன்ங்கிறவர் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். நமக்குச் சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம். அன்னையிலிருந்து மாடல் விமானமும் மாடல் காரும் இதை வச்சுத்தான் பறந்தன, ஓடின.

எரிபொருள் பெட்ரோல் இல்லை. என் கேனில் நைட்ரோமீத்தேன் 20 சதவீதம், மசகு எண்ணெய் 12 சதவீதம், மீதி 68 சதவீதம் மெத்தனால். பேர்தான் நைட்ரோ வண்டியே தவிர, உண்மையில் ஓடுறது மெத்தனாலில். இந்த 68-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வருவேன்.

மாமா வண்டியை மட்டும்தான் கொண்டு வந்தார். எரிபொருளை விமானத்தில் ஏத்த விட மாட்டான். கெமிக்கல் கடையில் மெத்தனால் வாங்கி நாமளே கலந்தா என்னன்னு ஒரு யோசனை. கடைக்காரர் என் மூஞ்சியைப் பார்த்துட்டு "கெளம்பு தம்பி"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சுட்டார். அவர் மேல தப்பில்லை. தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலை வச்சிருக்கவும் விற்கவும் உரிமம் வேணும்னு 1959-லேயே தனி விதிகள் போட்டிருக்காங்க. கலந்து சீல் வச்ச கேன் பெங்களூரில் ஒரு ஹாபி கடையில் கிடைச்சது. லிட்டர் ஆயிரத்து இருநூறு. ரயிலில் கொண்டு வர முடியாது, கொண்டு வரவும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி நம்ம மதுரை ஸ்டேஷன் யார்டில் நின்ன சுற்றுலாப் பெட்டி, உள்ளே ஒளிச்சுக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டரால் எரிஞ்சு ஒன்பது பேர் செத்துப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பெங்களூரிலிருந்து காரில் வரும்போது கேனை டிக்கியில் வச்சுக் கொண்டு வந்து கொடுத்தார்.

வண்டியின் டேங்க் 125 மில்லி. ஒரு லிட்டருக்கு எட்டு டேங்க். ஒரு டேங்குக்கு நூத்தம்பது ரூபாய், ஓடுறது எட்டு ஒன்பது நிமிஷம். தாத்தாவுக்கு நான் சொல்ற கணக்கு இதுதான். 2010-ல் தாய்லாந்தில் பட்டாயாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் கோடி கிங்னு ஒரு அமெரிக்கர் இதே க்யோஷோ வண்டியில் ஜெயிச்சார். அந்த ஃபைனல் ஒரு மணி நேரம். குறைஞ்சது ஆறேழு தடவை பெட்ரோல் பங்க் மாதிரி பிட்டுக்கு வந்து நிரப்பிக்கிட்டே ஓட்டணும். நமக்கு அந்த ஆயிரம் ரூபாய்க்கே வழியில்லை, விடுங்க.

இப்போ செட்டிங் சமாச்சாரம். கார்புரேட்டரில் மூணு திருகு. ஐடிலுக்கு ஒண்ணு, குறைஞ்ச வேகத்துக்கு ஒரு ஊசி, அதிக வேகத்துக்கு ஒரு ஊசி. ஊசியைத் திறந்தா எரிபொருள் அதிகம் போகும், அதுக்கு ரிச்னு பேர். மூடினா லீன். ரிச்சா இருந்தா புகை கக்கும், இழுக்காது, மாடு மாதிரி மந்தமா போகும். லீனா இருந்தா சத்தம் கிர்ருன்னு ஏறும், வண்டி பிச்சுக்கிட்டுப் போகும், கூடவே எஞ்சின் செத்துக்கிட்டும் இருக்கும். ஏன்னா இந்த எஞ்சினுக்கு மசகு எண்ணெய் தனியாகக் கிடையாது, எரிபொருளோடு வர்றதுதான். எரிபொருளைக் குறைச்சா எண்ணெயும் குறையும், சூடும் ஏறும்.

ஊசியைத் திருப்புறதுக்கு ஒரு முறை இருக்கு. திருகைக் கடிகார முகம்னு நினைச்சுக்கணும். ஒரு தடவைக்கு ஒரு மணி அளவுதான் திருப்பணும். பன்னிரண்டிலிருந்து ஒண்ணுக்கு. திருப்பிட்டு ரெண்டு சுத்து ஓட்டிப் பார்க்கணும், அப்புறம்தான் அடுத்த மணி. மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்த ரெண்டு சோதனை இன்னும் கைகொடுக்குது. ஒண்ணு, ஐடிலில் நிக்கும்போது எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பிடிக்கிறது. ரெண்டு மூணு செகண்ட் ஓடி, லேசா சத்தம் ஏறி அணைஞ்சா சரி. உடனே அணைஞ்சா லீன். நசுக்கின பிறகும் ரொம்ப நேரம் ஓடினா ரிச். இன்னொண்ணு, ஓட்டி நிறுத்தினதும் எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணி விடுறது. தோசைக்கல்லில் தெளிக்கிற மாதிரிதான். துள்ளி உடனே ஆவியானா ஆபத்து. அசையாம உட்கார்ந்திருந்தா ரிச். மெல்லக் கொதிச்சு மூணு நாலு செகண்டில் போனா நூத்திப் பத்து டிகிரி பக்கம் இருக்கு, நல்லது. தெர்மாமீட்டர் துப்பாக்கி வாங்கிக்கலாம்தான். தோசைக்கல் டெக்னிக் இலவசம்.

மத்த பராமரிப்பெல்லாம் சும்மா கைவேலை. கிளட்ச் பல்சக்கரமும் பெரிய சக்கரமும் கடிக்கிற இடத்தில் டவுன் பஸ் டிக்கெட் ஒண்ணைச் சொருகி, அழுத்தி, ஸ்க்ரூவை முறுக்கிட்டு டிக்கெட்டை உருவிடணும். அந்த இடைவெளி கரெக்டா இருக்கும். டிஃபரன்ஷியலுக்குள்ள சிலிக்கான் எண்ணெய். நான் முன்னாடி 5000, நடுவில் 7000, பின்னாடி 3000 ஊத்தியிருக்கேன். நடுவில் உள்ளது நீர்த்துப் போனா, கண்மாய்ப் புழுதியில் முன்சக்கரம் வெத்தாச் சுத்தும், பவரெல்லாம் அங்கேயே போயிடும். ஷாக் அப்சார்பர் எண்ணெய் சித்திரைக்கு ஒண்ணு, மார்கழிக்கு ஒண்ணு. வெயிலில் எண்ணெய் இளகுமே, அதனால் கோடையில் கெட்டி எண்ணெய்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஏர் ஃபில்டர். எங்க கண்மாய் வண்டல், காய்ஞ்சா பவுடர் மாதிரி. ஃபில்டர் ஸ்பாஞ்சை ஒவ்வொரு தடவையும் கழுவி, காய வச்சு, எண்ணெய் தடவிப் போடணும். ஒரு சிட்டிகை மண் உள்ள போனா பிஸ்டனுக்கு அது உப்புத்தாள். வாடிவாசல் காளை வளர்க்கிறவங்க காலையில் மாட்டைக் குளிப்பாட்டுறதைப் பார்த்திருக்கீங்களா? வருஷத்துக்கு ஒரு நாள், சில நிமிஷம் அவிழ்த்து விடுறதுக்காக வருஷம் பூராவும் பார்த்துப் பார்த்துச் செய்வாங்க. இதுவும் அதே கதைதான். ஒன்பது நிமிஷ ஓட்டத்துக்கு ஒண்ணரை மணி நேரம் துடைக்கிற வேலை.

சரி, 68-க்கு வர்றேன்.

2024 மே லீவில் தினமும் கண்மாய்தான். நாலு லிட்டர் கேனைத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொஞ்சம் ஊத்தி வச்சுக்குவேன். ஓட்டிட்டு வந்து மாடிப்படிக்குக் கீழே வச்சிடுவேன். அந்த எரிபொருளுக்குச் சாயம் போட்டிருப்பான், ரோஸ் கலர். ரோஸ்மில்க்கில் பால் இல்லாம இருந்தா எப்படி இருக்கும், அப்படி. அக்கா பையனுக்கு அப்போ ஆறு வயசு, லீவுக்கு வந்திருந்தான். ஒருநாள் மத்தியானம் வெயிலில் விளையாடிட்டு வந்தவன் அந்தப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்துட்டான். பக்கத்தில் பூக்கட்டிக்கிட்டிருந்த அப்பத்தா வாசனையைப் பிடிச்சு, "எலேய், மண்ணெண்ணெய்டா அது, கீழ வை!"ன்னு பிடுங்கிட்டாங்க. மண்ணெண்ணெய் இல்லை, ஆனா எண்ணெய் கலந்த அந்த நாத்தம் அவங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு. எனக்கு ரெண்டு திட்டு விழுந்துச்சு. "இதைக் கண்ட இடத்துல வைப்பியா, வெளங்காதவனே." நான் சிரிச்சுட்டு பாட்டிலை ஒரு படி மேல ஏத்தி வச்சேன். அவ்வளவுதான். அன்னைக்கு அது எனக்கு ஒரு விஷயமாவே படலை.

ஒரு மாசம் கழிச்சு, ஜூன் 19, 20 தேதிகளில் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தது. கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம். முதலில் நாலு பேர்னாங்க, அப்புறம் இருபது, முப்பது, கடைசியில் அறுபதைத் தாண்டிப் போச்சு. அதுக்கு முந்தின வருஷம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இருபதுக்கு மேல செத்ததும் இதே சரக்கில்தான். வீட்டில் எல்லாரும் டிவி முன்னாடி. கண்ணு தெரியலைன்னு ஒருத்தர் கையைத் துழாவிக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் வர்றதைக் காட்டினாங்க. அப்பா எழுந்து போனார். மாடியிலிருந்து என் கேனைத் தூக்கிட்டு வந்து எனக்கு முன்னாடி வச்சார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, வாசி."

அவருக்கு இங்கிலீஷ் தெரியும். இருந்தும் என்னை வாசிக்கச் சொன்னார். வாசிச்சேன். முதல் வார்த்தையே அதுதான்.

அப்பா எதுவும் பேசலை. அப்பத்தாதான், "அன்னைக்குப் புள்ளை எடுத்தானே, அதுவாடா இது?"ன்னு கேட்டாங்க.

அன்னைக்கு ராத்திரிதான் நான் இதைப் பத்தி ஒழுங்கா வாசிச்சேன். மெத்தனால் அப்படியே பெரிசா ஒண்ணும் செய்யாது. நம்ம கல்லீரல் அதைப் ஃபார்மால்டிஹைடா மாத்தி, அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாத்தும். அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தின்னுது. அதனால்தான் குடிச்சவுடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் கண்ணு மங்கும். பத்து மில்லி போதும் பார்வை போக. முப்பது மில்லி உயிருக்கே ஆபத்து. என் வண்டியின் ஒரு டேங்கில் 125-ல் 68 சதவீதம், அதாவது 85 மில்லி. பெரிய ஆளுக்கே இந்தக் கணக்குன்னா ஆறு வயசுப் பையனுக்கு?

இன்னொண்ணு சொல்லணும், வெக்கமா இருந்தாலும். எரிபொருள் குழாயில் அடைப்பு வந்தா நான் வாயால் உறிஞ்சித்தான் எடுப்பேன். மாமா பைக்கில் பெட்ரோல் உறிஞ்சுறதைப் பார்த்துப் பழகின பழக்கம். எத்தனை தடவைன்னு கணக்கு இல்லை. தோல் வழியாகவும் உள்ள போகும்னு அன்னைக்குத்தான் தெரியும், அதுவரைக்கும் கையுறை போட்டதே இல்லை. அதோட பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்கே தெரியாது. எரியுதுன்னு கை சுட்ட பிறகுதான் தெரியும்.

அப்பா தீர்ப்புச் சொன்னார். கேன் மோட்டார் ரூமுக்குப் போகும், பூட்டு அவர்கிட்ட. வண்டி ஆறு மாசம் பரண். நான் வாயே திறக்கலை.

செமஸ்டர் லீவு விட்டதும் 2024 மார்கழியில் சாவி கிடைச்சது. அடுத்த நாள் காலையில் ஆறரை மணிக்குக் கண்மாயில் நிக்கிறேன். பனி. பல்லு அடிச்சுக்குது. ஆறு மாசத்துப் பசி வேற. டேங்கை நிரப்பி, இழுத்து, ரெண்டாவது இழுப்பிலேயே பிடிச்சுக்கிச்சு. அப்படி ஒரு சத்தம்! மே மாசம் கேட்டதை விடக் கூர்மையா, விசில் மாதிரி. வாழ்நாளில் வண்டி அப்படிப் பறந்ததே இல்லை. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் இறங்காம நின்னுச்சு. புகையும் மெல்லிசா இருந்துச்சு. அடடா, ஆறு மாசம் ஓய்வெடுத்ததுல எஞ்சின் நல்லா ஆயிடுச்சுன்னு நினைச்சேன். ஆறாவது நிமிஷம் அணைஞ்சது. சூட்டோட இழுத்தேன், கயிறு தடையே இல்லாம சுலபமா வந்துச்சு. கம்ப்ரஷன் போயிடுச்சு.

என்ன ஆச்சுன்னு உட்கார்ந்து யோசிச்சா எல்லாம் புத்தகத்தில் இருக்கிற தப்பு. நான் ஊசி வச்சது மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு, 40 டிகிரியில். ஓட்டினது மார்கழி விடியக்காலை 21 டிகிரியில். குளிர்ந்த காத்து அடர்த்தி அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகக் காத்து உள்ள போயிருக்கு. எரிபொருள் அதே அளவு. அப்போ லீன். ஊசியைக் கொஞ்சம் திறந்திருக்கணும். அதோட மெத்தனால் காத்தில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பாதி காலியான கேனில், மூடி சரியா இறுக்காம, நடுவில் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் தாண்டி ஆறு மாசம் கிடந்த எரிபொருள். சத்தம், புகை, இறங்காத ஐடில்னு எஞ்சின் மூணு தடவை கத்திச் சொல்லியிருக்கு. நான் ரசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

பைபாஸில் ஒர்க்ஷாப் வச்சிருக்கிற மெக்கானிக் அண்ணன்கிட்டக் கொண்டு போனேன். தலையைக் கழட்டி, பிஸ்டனை விரலில் வச்சு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நெட்டுக்க நெட்டுக்கக் கோடு. "மண்ணும் தின்னுருக்கு தம்பி." ஃபில்டரைக் கழுவினேன், எண்ணெய் தடவ மறந்திருக்கேன். பேரிங்கை உருட்டினார், கரகரன்னுச்சு. மே மாசம் கடைசியா ஓட்டினப்போ உள்ளே எண்ணெய் விட்டு வைக்கலை, துரு. நாலு தப்பு, எல்லாம் என் கைப்பட.

இந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், குரோமியம் பூசின பித்தளை ஸ்லீவ். ஸ்லீவ் மேல்பக்கம் ஒரு முடி குறுகலா இருக்கும். குளிரில் பிஸ்டன் உச்சியில் இறுக்கிப் பிடிக்கும், சூடானா பித்தளை விரிஞ்சு சரியா உட்காரும். அந்த இறுக்கம்தான் கம்ப்ரஷன். அது போனா போனதுதான், மாத்துறதைத் தவிர வேற வழியில்லை. எனக்கோ பழைய மாடல், சாமான் கிடைக்கலை. எஞ்சினே புதுசு வாங்கணும். தைவான் தயாரிப்பு ஒண்ணு, அதே அளவு, ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

அப்பாகிட்டக் கேட்க வாய் வரலை. எங்க ஊர்க் காய்கறி மார்க்கெட் தெரியும்ல, ராத்திரி ஒரு மணிக்குத்தான் அங்கே விடியும். அங்கே ஒரு கமிஷன் மண்டியில் காலை நாலுலிருந்து ஏழரை வரைக்கும் கணக்கு எழுதுற வேலை கிடைச்சது. ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த முருங்கை எத்தனை கட்டு, யாருக்கு எவ்வளவு பாக்கி, கூலி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு. காலேஜில் மூணு வருஷமாப் படிச்ச கன்சைன்மென்ட் கணக்கு எனக்குப் புரிஞ்சது அங்கேதான். முதலாளி அண்ணாச்சி கம்ப்யூட்டரை நம்ப மாட்டார், நீளமான சிவப்பு அட்டை நோட்டுதான். நாலு மாசம். கிளாஸில் தூங்கி வழிஞ்சு வாங்கிக் கட்டிக்கிட்டது தனி.

ஒரு சந்தேகமும் வந்துச்சு. பழுது பார்க்கிற செலவு ரெவன்யூ எக்ஸ்பென்டிச்சர். பழைய மெஷினை வாங்கி, ஓட வைக்கிறதுக்கு முன்னாடி பண்ற ஓவர்ஹால் செலவு கேபிடல். இது எல்லாப் புத்தகத்திலும் முதல் உதாரணம். இனாமா வந்த மெஷினை ஓட்டிக் கெடுத்துட்டு எஞ்சின் மாத்தினா? வண்டியின் புத்தக மதிப்போ பூஜ்யம். எங்க காஸ்டிங் சார்கிட்டக் கேட்டேன். "முதல்ல உனக்கு எதுக்குடா அது?"ன்னார். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி போல.

புது எஞ்சின் வந்து உட்கார்ந்தாச்சு. இப்போதான் நிஜமான சிக்கல். புது எஞ்சினை எடுத்ததும் ஓட்ட முடியாது, பழக்கணும். பிஸ்டனும் ஸ்லீவும் ஒண்ணுக்கொண்ணு தேய்ஞ்சு பொருந்தணும். ஹேர் டிரையரால் தலையைச் சுட வச்சு (அம்மாவுக்குத் தெரியாம), ரிச்சா வச்சு, ஒரு டேங்க் ஓட்டி, நிறுத்தி, பிஸ்டன் கீழே இருக்கிற மாதிரி திருப்பி வச்சு, முழுசா ஆற விடணும். மேலே இருந்தா ஆறும்போது ஸ்லீவ் சுருங்கி பிஸ்டனைக் கவ்விக்கும். இப்படி நாலஞ்சு டேங்க். அப்புறம்தான் ஊசியை ஒவ்வொரு மணியாக மூடணும்.

பழைய எரிபொருளைத் தொடவே இல்லை. சீல் உடைக்காத ஒரு லிட்டர் டின் மாமா எங்கேயோ சொல்லி வாங்கிக் கொடுத்தார். பெங்களூர்க் கடையில் விசாரிச்சா, "நைட்ரோ இனிமே எடுக்கிறதில்லப்பா, எல்லாரும் பிரஷ்லெஸ் மோட்டருக்குப் போயிட்டாங்க"ங்கிறார். உண்மைதான். இதே அளவு வண்டியில் லித்தியம் பேட்டரி போட்டா இதை விட வேகம், ஊசி வேண்டாம், புகை இல்லை, வீட்டில் விஷம் வேண்டாம். நண்பர்கள் எல்லாரும் அதையே சொல்றாங்க. எனக்கும் பதில் இல்லை. சத்தம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். அந்தச் சத்தம் என்ன சொல்லுதுன்னு இப்போதான் காது கேட்க ஆரம்பிச்சிருக்கு.

ஆக கையில் எட்டு டேங்க். பழக்குறதுக்கு அஞ்சு போனா, ஒழுங்கா ஓட்ட மூணு. இருபத்தேழு நிமிஷம். அஞ்சைக் குறைச்சு ரெண்டில் பழக்கினா ஓட்டத்துக்கு ஆறு டேங்க் மிஞ்சும், ஆனா நாலு மாச மண்டிச் சம்பளம் மறுபடி ஆறாவது நிமிஷத்தில் அணையலாம்.

போன ஞாயித்துக்கிழமை முதல் டேங்க். டின்னை அப்பாதான் மோட்டார் ரூமிலிருந்து எடுத்துட்டு வந்தார், திரும்பி எடுத்துட்டும் போவார். அதுதான் இப்போ ஏற்பாடு. கையுறை போட்டுக்கிட்டு, மருந்துக்கடையில் வாங்கின ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து ஊத்தினேன். வெள்ளைப் புகையா கக்கிக்கிட்டு வண்டி மந்தமா வட்டம் போட்டுச்சு. தாத்தா ஆடுகளை விட்டுட்டு வந்து, "என்ன தம்பி, புது வண்டி பழசை விட மெதுவாப் போகுது?"ன்னார். அப்பா ஒரு பாட்டில் தண்ணியோட ஓரமா நின்னுக்கிட்டிருந்தார், தண்ணி பாட்டில்தான், லேபிளோட. நிறுத்தினதும் கிட்ட வந்து, விரலில் நனைச்சு எஞ்சின் தலையில் ஒரு சொட்டு விட்டார். அது அப்படியே உட்கார்ந்திருந்தது. "ரிச்சா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். பிஸ்டனைக் கீழே திருப்பி வச்சுட்டு, ஆறுறதுக்கு நாற்பது நிமிஷம் ரெண்டு பேரும் கரை மேல உட்கார்ந்திருந்தோம்.

நாலு டேங்க் முடிஞ்சிருக்கு. அஞ்சாவது வர்ற ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை இருக்கிறதால காலையிலேயே முடிச்சுடணும். ஃபில்டருக்கு எண்ணெய் தடவியாச்சு.